வெள்ளைக் கோடு எங்கே ஆரம்பிக்குது?

ராத்திரி பதினோரு மணி. சரவணம்பட்டி தாண்டி ஒரு புது லே-அவுட். ஷூ ஸ்டாண்டுக்குக் கீழே கறுப்பாக ஒன்று நெளிகிறது. உடம்பெல்லாம் வெள்ளைப் பட்டை. "ஏனுங்ணா, வெசப் பாம்புங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "தலை முக்கோணமா இல்லீங்களே, பயப்படாதீங்க" என்பார் மாடி வீட்டுக்காரர்.

அந்த முக்கோண பார்முலாவை முதலில் குப்பையில் போடுங்கள். கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும்தான் அது சரி. நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை சாதுவாகத்தான் இருக்கும். (கட்டுவிரியன் பெயரில்தான் விரியன், சொந்தம் என்னவோ நல்ல பாம்போடு!)

கட்டுவிரியனைப் போலவே வேஷம் கட்டும் ஒரு அப்பாவி உண்டு. வெள்ளிக்கோல் வரையன். விஷம் கிடையாது. பல்லி தேடி வீட்டுக்குள் வரும், சுவரில்கூட ஏறும். இதற்குப் பட்டைகள் கழுத்திலேயே பளிச்சென்று ஆரம்பித்து, வால் பக்கம் மங்கிவிடும். கட்டுவிரியன் நேர் எதிர். கழுத்தருகே பட்டை இருக்காது. அப்புறம் ஜோடி ஜோடியாகக் கிளம்பி வால்வரை தெளிவாகப் போகும். முதுகு நடுவில் அறுகோணச் செதில் வரிசையும் உண்டு. அதை எண்ணிப் பார்க்கக் குனியாதீர்கள், சாமி!

இதிலும் ஒரு சிக்கல். குட்டிக் கட்டுவிரியனுக்குக் கழுத்திலிருந்தே பட்டை இருக்கலாம். கோர்ட்டில் வேண்டுமானால் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கட்டும். ஷூ ஸ்டாண்டில் வேண்டாம்.

ஏன் இவ்வளவு பயம்? பேச்சிலர் ரூமில் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைத்தான் கட்டுவிரியன் பெரும்பாலும் கடிக்கிறது. எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரியாது. வீக்கம் இல்லை, பல் பதிந்த அடையாளமும் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றைப் புரட்டும். "நேத்து பரோட்டா ஒத்துக்கலை" என்று ஓமவாட்டர் குடித்துவிட்டு மறுபடி படுப்பார். இமை தானாகச் சரிய ஆரம்பித்தால் விஷம் நரம்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்தது மூச்சு.

கடித்துவிட்டால் பாம்பைத் தேடி அலைய வேண்டாம். நம் ஊர் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது. டாக்டர் 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசைக்காமல் வைப்பார். உறையவில்லை என்றால் விரியன் விஷமாக இருக்கலாம் என்று புரிந்துகொள்வார். இறுக்கிக் கட்டாமல், கீறாமல், காலை ஆட்டாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஷூ ஸ்டாண்ட்காரர்? டார்ச் அடித்ததில் கழுத்திலேயே கோடு தெரிகிறது. இருந்தாலும் தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டுவிட்டு, ஆள் வரும்வரை பத்தடி தள்ளி நில்லுங்க தம்பி. விளக்குமாறு வேண்டாம்.