வேளாங்கண்ணிக்குப் பறந்தால் எவ்வளவு நேரம்?

வரைபடத்தில் சென்னை விமான நிலையத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்கோடு போட்டால் சுமார் 260 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் இருபதே நிமிடம்! ஆனால் வேளாங்கண்ணியில் விமான நிலையம் கிடையாது. அருகில் உள்ள பெரிய நிலையம் திருச்சி.

சென்னை–திருச்சி நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, இறங்கிய ஊரில் போய் நிற்பது வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். குறைந்த தூரத்தில் ஏறி முடித்ததுமே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். முழு வேகத்துக்கு இடமே இல்லை. மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் ஏடிஆர் எனும் விசிறி விமானம் இத்தகைய தடங்களில் ஜெட்டுக்கு அதிகம் பின்தங்காததற்கும் இதுதான் காரணம்.

திருச்சியில் இறங்கியபின் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாகச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். காரில் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வயல்களுக்கு நடுவே போகும் சாலை. அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அதற்கு மேலும் ஆகும். விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போவது, பெட்டிக்காகக் காத்திருப்பது இவற்றையும் கூட்டினால் ஏழு மணி நேரம். சென்னையிலிருந்து நேராகச் சாலையில் வந்தாலும் ஏழெட்டு மணி நேரம்தான். ஆகவே சென்னைக்காரர்களுக்கு விமானம் வீண் செலவு. மும்பையிலிருந்து வருபவர்களுக்கு அப்படியல்ல: திருச்சிக்கு 1,100 கிலோமீட்டர் வானத்தில் இரண்டு மணி நேரத்தில் கழிந்துவிடும்; ரயிலில் வந்தால் ஒரு நாளுக்கு மேல் போய்விடும்.

நேர்கோட்டுக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. வேளாங்கண்ணியிலிருந்து திருச்சி விமான நிலையம் 125 கிலோமீட்டர். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் நூறு கிலோமீட்டர்தான். ஆனாலும் பலாலிக்குப் பறக்க முதலில் மேற்கே திருச்சிக்குப் போக வேண்டும். அங்கிருந்து 2025 மார்ச்சில் விமானம் விட்டார்கள். பறக்காமல் கடல் வழியாகவே யாழ்ப்பாணம் போவதென்றால், 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலுக்குச் சுமார் நான்கு மணி நேரம் பிடிக்கும்.

வெளிநாட்டு டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். இலங்கைக்கும் நமக்கும் ஒரே மணி. சிங்கப்பூர் இரண்டரை மணி முந்தியது. அதனால் சிங்கப்பூருக்கான நான்கு மணி நேரப் பயணம் போகும்போது ஆறரை மணி போலவும், திரும்பும்போது ஒன்றரை மணி போலவும் தெரியும்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. சாலையோரம் முழுக்கக் காவி உடையில் நடைப்பயணிகள் வருவார்கள். அந்த நாட்களில் திரும்பும் விமானத்தைப் பிடிக்க வேளாங்கண்ணியிலிருந்து ஏழு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.