மாதவிடாய் நிற்கும் பருவத்தில் மனம் பதறினால்...



உங்களுக்கு வயது 45ஐ எட்டிவிட்டதா? நள்ளிரவில் காரணமின்றி விழிப்பு வருகிறதா? கழுத்தும் முதுகும் வியர்வையில் நனைந்து, நெஞ்சு படபடவென்று அடித்துக் கொள்கிறதா? வெளிநாட்டிலிருக்கும் மகன் பேசுவதற்கு ஒரு நாள் பிந்தினாலும் ஏதோ நடந்துவிட்டது என்று மனம் துடிக்கிறதா? கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட பிறகு, "எனக்கு ஏலாது, நீங்கள் போய் வாருங்கள்" என்று வீட்டிலேயே நின்றுவிடுகிறீர்களா?

அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்குரியது. உங்களுக்கு இல்லையென்றால் உங்கள் உம்மாவுக்கோ ராத்தாவுக்கோ மாமிக்கோ உரியதாக இருக்கலாம். அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நம் வீடுகளில் பெண் பிள்ளை பெரியவளாவதைப் பற்றிப் பேசுகிறோம். பிள்ளைப்பேறு பற்றிப் பேசுகிறோம். ஆனால் மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் அந்தப் பருவத்தை அடையும் பெண், தனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று எண்ணி உள்ளுக்குள்ளேயே வெந்து போகிறாள். சிலர் "பைத்தியம் பிடிக்கப் போகிறதோ" என்று அஞ்சுகிறார்கள். வேறு சிலர் "என் ஈமான் பலவீனமாகிவிட்டதே" என்று அழுகிறார்கள். இரண்டும் தவறு.

உடலில் நடப்பது என்ன?

பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் இடைப்பட்ட வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டதாக வைத்தியர்கள் கொள்கிறார்கள். ஆனால் மாற்றம் அன்று தொடங்குவதில்லை. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் தடுமாறத் தொடங்குகிறது. சத்திரசிகிச்சை மூலம் சூலகங்கள் இரண்டும் அகற்றப்பட்ட பெண்களுக்கு இம்மாற்றம் திடீரென்று வந்துவிடும்.

ஈஸ்ட்ரஜன் கருப்பைக்கு மட்டும் உரியதல்ல. உடலின் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப் பகுதியிலும், மனநிலையையும் தூக்கத்தையும் பேணும் இரசாயனங்களிலும் அதற்குப் பங்குண்டு. எனவே அது தடுமாறும்போது திடீரென்று முகமும் நெஞ்சும் சூடேறுகின்றன. வியர்க்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது.

இங்கேதான் ஒரு சுழல் உருவாகிறது. பயந்தாலும் இதயம் வேகமாக அடிக்கும், வியர்க்கும். ஆகவே உடல் சூடேறி நெஞ்சு படபடக்கும்போது, "ஏதோ ஆபத்து" என்று மனம் முடிவு செய்கிறது. அந்தப் பயத்தால் படபடப்பு இன்னும் கூடுகிறது. இரவில் வியர்த்து எழுந்தவருக்குத் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் சிறு விடயமும் மலையாகத் தெரிகிறது. இதைத்தான் வைத்தியர்கள் பதகளிப்பு என்கிறார்கள். முன்னர் மனச்சோர்வுக்கு உள்ளானவர்களுக்கும், பிள்ளை பெற்ற பின் மனம் சோர்ந்து போனவர்களுக்கும் இது சற்று அதிகமாக வரலாம்.

வாழ்க்கைச் சுமைகளும் இதே வயதில்தான் வந்து சேர்கின்றன. மகளின் கல்யாணம், மகனின் தொழில், படுக்கையிலிருக்கும் மாமியாரைப் பராமரிப்பது, வெளிநாட்டிலிருக்கும் கணவர் என்று எத்தனையோ! கிழக்கில் தான் வாழ்ந்த வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் ஒரு சிறு அறைக்கு மாறும் தாய்மார் பலர். இத்தனை காலம் தன் கையிலிருந்த அடுப்பும் சாவியும் கைமாறும்போது அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும் என்று நாம் கேட்பதில்லை.

ஈமான் குறைந்துவிட்டதா?

மூஸா (அலை) அவர்களின் தாயை நினைத்துப் பாருங்கள். பச்சிளம் குழந்தையை ஆற்றில் விட்ட அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனதையும், அல்லாஹ் அவரது இதயத்தை உறுதிப்படுத்தியதையும் அல்குர்ஆன் ஸூரத்துல் கஸஸில் எடுத்துச் சொல்கிறது. அல்லாஹ்விடமிருந்து வாக்குறுதி கிடைத்திருந்தும் அவர் தவித்தார். அத்தவிப்புக்காக அவர் கண்டிக்கப்படவில்லை. அவர் சும்மா இருந்துவிடவுமில்லை. தம் மகளை அழைத்து, குழந்தையைப் பின்தொடர்ந்து பார்க்கும்படி அனுப்பினார். அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்தார், பிள்ளையின் உதவியையும் கேட்டார்.

நபி (ஸல்) அவர்களும் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுபவர்களாக இருந்தார்கள். மனக்கவலை மனிதருக்கு வரக்கூடியது என்பதால்தானே அதிலிருந்து பாதுகாவல் தேடக் கற்றுத் தந்தார்கள்? ஆகவே பதற்றம் வருவது பாவமல்ல. நோய்க்கு மருந்து தேடுவதும் நம் மார்க்கம் அனுமதித்த வழிதான்.

குர்ஆன் ஓதுவதும் திக்ரும் துஆவும் உள்ளத்துக்கு அமைதி தருபவை. அவற்றைக் கைவிடாதீர்கள். ஆனால் "ஜின் பார்வை", "செய்வினை" என்று சொல்லி மாதக்கணக்கில் தாயத்துக்கும் நூலுக்கும் அலைந்து, வைத்தியரிடம் போவதைப் பிற்போடாதீர்கள்.

இரத்தப்போக்கும் தொழுகைக் குழப்பமும்

இப்பருவத்தில் நம் பெண்களை வாட்டும் இன்னொரு கவலை உண்டு. மாதவிடாய் சில மாதம் வராது. சில மாதம் 20 நாள் நீடிக்கும். "இன்று தொழலாமா, கூடாதா? நேற்று விட்டது பாவமா?" என்று மனம் அலைபாயும். வெட்கத்தால் யாரிடமும் கேட்பதுமில்லை.

ஷாபிஈ மத்ஹபில் மாதவிடாயின் ஆகக்கூடிய காலம் 15 நாட்கள். அதற்கு மேல் நீடிப்பது இஸ்திஹாழா எனப்படும் உதிரப்போக்கு. அந்நிலையிலுள்ள பெண் தொழுகையை விட்டுவிட மாட்டாள். சுத்தம் செய்து, ஒவ்வொரு பர்ழான தொழுகைக்கும் நேரம் வந்தபின் வுழூச் செய்து தொழுவாள். நாட்களைக் கணக்கிடுவதில் நுணுக்கமான சட்டங்கள் உள்ளன. எனவே உங்கள் இரத்தப்போக்கின் நாட்களை ஒரு கொப்பியில் குறித்து வைத்து, ஓர் ஆலிமாவிடமோ ஆலிமிடமோ காட்டித் தெளிவு பெறுங்கள். பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்கள் இதே பிரச்சினையை நபி (ஸல்) அவர்களிடமே வந்து கேட்டார்கள். அவர்கள் வெட்கப்பட்டு இருந்திருந்தால் இந்தச் சட்டம் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அதே கொப்பியை வைத்தியரிடமும் காட்டுங்கள். அதிகமான இரத்தப்போக்கு இரத்தசோகையை உண்டாக்கும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பின் சிறு துளி இரத்தம் கண்டாலும் உடனே பரிசோதிக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. படபடப்பு வரும்போது: இருக்கும் இடத்திலேயே அமருங்கள். "இது சூடேறும் நேரம், சில நிமிடங்களில் தணிந்துவிடும்" என்று உங்களுக்கே சொல்லுங்கள். மூக்கால் 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக வெளிவிடுங்கள். 5 நிமிடம் இப்படிச் செய்யுங்கள். மூச்சு நிதானமானால் இதயமும் நிதானமாகும். எண்ணுவதற்குப் பதிலாக மெதுவாக திக்ர் செய்தும் மூச்சைச் சீராக்கலாம்.

2. தூக்கம்: இஷாவுக்குப் பின் வேலைகளை இழுத்துக் கொண்டு போகாதீர்கள். மெல்லிய பருத்தி ஆடையுடன் காற்றோட்டமான இடத்தில் படுங்கள். மாற்று உடையும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். படுக்கையில் கைபேசியில் செய்தி பார்ப்பதை நிறுத்துங்கள்.

3. தேநீரும் கோப்பியும்: நாளொன்றுக்கு எத்தனை கோப்பை பிளேன்டீ குடிக்கிறீர்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் படபடப்பையும் தூக்கமின்மையையும் கூட்டும். அஸருக்குப் பின் அவற்றைத் தவிர்த்துப் பாருங்கள். றமழானுக்கு முன்பே படிப்படியாகக் குறைத்தால் நோன்பில் தலைவலியும் குறையும்.

4. நடை: ஸுபஹுக்குப் பின் ஓர் அயல்வீட்டுச் சகோதரியைச் சேர்த்துக் கொண்டு 30 நிமிடம் வேகமாக நடங்கள். வாரத்தில் 5 நாள் போதும். மனத்துக்கும் தூக்கத்துக்கும் எலும்புக்கும் நல்லது. கூடவே பேச ஒரு துணையும் கிடைக்கும்.

5. சாப்பாடு: எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள். பால், தயிர், நெத்தலி, கீரை, பருப்பு, முட்டை ஆகியன எலும்புக்கும் தசைக்கும் தேவை.

வைத்தியரிடம் எப்போது?

பதற்றம் எல்லாவற்றையும் இப்பருவத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. தைரொயிட் சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் படபடப்பும் வியர்வையும் மெலிவும் வரும். இரத்தசோகை, நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றிலும் இவை போன்ற குறிகள் உண்டு. எளிய இரத்தப் பரிசோதனைகளாலும் ஈ.சீ.ஜீயாலும் இவற்றில் பலவற்றைக் கண்டறியலாம். நெஞ்சை அழுத்தும் வலி, அது கை அல்லது தாடைக்குப் பரவுதல், மூச்சுத் திணறல் ஆகியன இருந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அம்புலன்ஸுக்கு 1990.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ், 35 வயதைக் கடந்த பெண்களுக்காக இலவச கிளினிக்குகள் நடைபெறுகின்றன. சிங்களத்தில் இதைச் 'சுவநாரி' என்பார்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகிய பரிசோதனைகள் அங்கு நடைபெறும். அங்கு மனந்திறந்து பேசவும் முடியும். உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் நாளைக் கேட்டறியுங்கள்.

ஹோர்மோன் சிகிச்சை பற்றி நம்மிடையே பெரும் பயம் உண்டு. 2002ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அப்பயத்தை உலகெங்கும் பரப்பியது. பின்னர் அதன் முடிவுகளை வயதுவாரியாக ஆராய்ந்ததில், 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று 10 வருடங்களுக்குட்பட்ட பெண்களில் கடுமையான சூடும் வியர்வையும் உள்ள பெரும்பாலானோருக்குத் தீமையை விட நன்மையே அதிகம் என்பது தெளிவானது. ஆனால் மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பாரிசவாதம் வந்தவர்களுக்கு இது பொதுவாகப் பொருந்தாது. எனவே முடிவை வைத்தியருடன் சேர்ந்து எடுங்கள். பதகளிப்புக்கென்று மனநல ஆலோசனையும் மருந்துகளும் உள்ளன. அயலவர் சொன்னார் என்று பாமசியில் தூக்க மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமின்றி மனம் இருண்டிருந்தால், "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற எண்ணம் வந்தால், அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

இந்தப் பகுதியைக் கணவரிடமும் பிள்ளைகளிடமும் கொடுங்கள்

முதன்முதலாக வஹீ வந்த அன்று நபி (ஸல்) அவர்கள் ஹிராக் குகையிலிருந்து நடுங்கியவாறு வீடு வந்தார்கள். கதீஜா (ரழி) அவர்கள் என்ன செய்தார்கள்? நபியவர்கள் கேட்டபடி முதலில் போர்த்திவிட்டார்கள். நடுக்கம் தணிந்ததும் அவர்களின் நற்குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அல்லாஹ் உங்களைக் கைவிட மாட்டான் என்று ஆறுதல் கூறினார்கள். பின்னர் விடயமறிந்த வரகா பின் நவ்பலிடம் கூடவே அழைத்துச் சென்றார்கள். "ஏன் இப்படி நடுங்குகிறீர்கள்?" என்று குறை சொல்லவில்லை.

அன்று ஒரு மனைவி கணவருக்குச் செய்ததை, இன்று ஒரு கணவர் மனைவிக்குச் செய்ய முடியாதா? பதறும் நேரத்தில் பக்கத்தில் இருங்கள். "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்லாதீர்கள். 25 வருடங்களாக இந்த வீட்டைத் தாங்கியவர் அவர் என்பதை வாயால் சொல்லுங்கள். கிளினிக்குக்கு அவரைத் தனியே அனுப்பாமல் கூடப் போங்கள்.

மகளே, மருமகளே! உம்மாவோ மாமியோ காரணமின்றிச் சினந்தால் பதிலுக்குச் சினக்காதீர்கள். ஒரு நேரச் சமையலை நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள். "ராவு நித்திரை வந்ததா உம்மா?" என்று காலையில் கேளுங்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன்மாரே, அழைப்பதாகச் சொன்ன நேரத்துக்கு அழையுங்கள்.

சகோதரியே! குடும்பத்தார் தாமாக உணர்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் நிலையை வாய் திறந்து சொல்லுங்கள். மாதவிடாய் நிற்பது வாழ்க்கை நிற்பதல்ல. பிள்ளை பெற்று வளர்க்கும் பொறுப்பு நிறைவேறி, இபாதத்துக்கும் அறிவுக்கும் சமூகப் பணிக்கும் நேரம் கிடைக்கும் ஒரு புதிய பருவம் அது.

பதறும் உள்ளங்களுக்கெல்லாம் வல்ல நாயன் அமைதியை அருள்வானாக! அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் கரங்களாக நம்மையும் ஆக்குவானாக! ஆமீன்.