உஷார்! மலிவுக் கொன்ட்ரோலரை நம்பிப் புகைப்பெட்டியை விட்டுப் போகாதீர்கள்

மின்சாரப் புகைப்பெட்டி வாங்கவோ செய்விக்கவோ நினைக்கும் திருகோணமலைக்காரர் எல்லோரும், காசைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்களுக்கும், சூரையையும் இறைச்சியையும் வீட்டிலேயே புகையூட்டி விற்க எண்ணியிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெட்டியின் தகரம் எவ்வளவு தடிப்பு, உள்ளே தட்டு எத்தனை என்று துருவித் துருவிக் கேட்போம். வெப்பத்தை ஆளும் சின்னக் கொன்ட்ரோலரை மட்டும் "எல்லாம் ஒண்டுதான் அண்ணை" என்ற ஒரு சொல்லை நம்பி வாங்கிவிடுவோம். ஆபத்து அங்கேதான்.

பொச்சுமட்டை மூட்டிப் புகை போட்ட காலத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். தணல் கூடினால் இழுத்துவிடுவார். மின்பெட்டியில் அந்த ஆளின் வேலையைச் செய்வது கொன்ட்ரோலர். அது ஒருநாள் பழுதாகத்தான் போகிறது. பழுதாகும்போது ஹீட்டர் நிற்குமா, நிற்காமல் எரியுமா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கொன்ட்ரோலரில் எழுதியிருப்பதை வாசியுங்கள்

மீன்தொட்டிக்கும் குளிர்ப்பெட்டிக்கும் பாவிக்கும் எஸ்டிசி-1000 என்ற கொன்ட்ரோலர் மலிவு. ஆனால் அதன் அளவு 99 பாகை செல்சியஸோடு முடிந்துவிடும். இறைச்சியைச் சூட்டோடு புகையூட்டப் பெட்டிக்குள் 107 முதல் 121 பாகை வரை வேண்டும். அதற்கு இது உதவாது. இதில் சூடாக்கவும் குளிராக்கவும் தனித்தனி இணைப்புகள் உண்டு. ஹீட்டரின் வயரைத் தவறிக் குளிராக்கும் பக்கத்தில் பூட்டினால், சூடு ஏற ஏற ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். இதே சாமான் 110 வோல்ட், 12 வோல்ட் வகைகளிலும் வருகிறது. எங்கள் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்க்காமல் செருகாதீர்கள்.

கூடிய வெப்பத்துக்குப் பலர் வாங்குவது ரெக்ஸ்-சி100 போன்ற பிஐடி கொன்ட்ரோலர். இதிலும் இரண்டு வகை. மாதிரி இலக்கத்தின் பின்பகுதியில் 'எம்' இருந்தால் உள்ளேயே ரிலே உண்டு. 'வி' இருந்தால் வெளியே எஸ்எஸ்ஆர் எனும் திண்ம ரிலே பூட்ட வேண்டும். மாறி வாங்கிவிட்டு எப்படியோ பொருத்தப் பார்ப்பது வேண்டாத வேலை.

எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் கடத்தியபடியே நிற்கும்

இதுதான் பயங்கரம். எஸ்எஸ்ஆர் எரிந்துபோனால் பெரும்பாலும் கரண்டை வெட்டாது, கடத்திக்கொண்டே இருக்கும். கொன்ட்ரோலர் "நிறுத்து" என்று சொன்னாலும் ஹீட்டர் கேட்காது. சாதாரண ரிலேயின் தொடுமுனைகளும் ஒட்டிப்போனால் இதே கதிதான். சந்தையில் போலிகள் வேறு. தைவானின் ஃபொடெக் நிறுவனத்தின் பெயரில் வந்த எஸ்எஸ்ஆர்களில் போலி யூ.எல். முத்திரை இருப்பதாக அமெரிக்காவின் யூ.எல். சோதனை நிறுவனமே பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது. மேலே 40 அம்பியர் என்று அடித்திருப்பதை வேதவாக்காக எடுக்காதீர்கள்.

1500 வொட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6.5 அம்பியர் இழுக்கும். அப்போது எஸ்எஸ்ஆருக்குள் 8 வொட் அளவு சூடு பிறக்கும். அலுமினியச் சூடுதணிப்பான் இல்லாமல், அதுவும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் மூடிய பொக்ஸுக்குள் வைத்தால், அது தாங்காது. இன்னொன்று: எஸ்எஸ்ஆர் நிறுத்தியிருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும். எஸ்எஸ்ஆரின் விளக்கு அணைந்துவிட்டது என்று ஹீட்டர் வயரைத் தொடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பொய் சொல்லும் சென்சர்

கே-வகை வெப்ப இணை எனும் சென்சரின் இரண்டு வயர்களையும் கவனியுங்கள். அமெரிக்க நிறமுறையில் மஞ்சள் நேர், சிவப்பு எதிர். சீனத்திலிருந்து வருபவற்றில் பெரும்பாலும் சிவப்புத்தான் நேர், நீலம் எதிர். மாறிப் பூட்டினால் பெட்டி கொதிக்கக் கொதிக்க எண் கீழே இறங்கும். சூடு போதவில்லை என்று நினைத்துக் கொன்ட்ரோலர் இன்னும் எரிக்கும். பூட்டியதும் சென்சரின் நுனியை உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். எண் ஏற வேண்டும். இறங்கினால் வயர்களை மாற்றுங்கள்.

கதவிடுக்கில் நசுங்கி வயரின் உறை கிழிந்து, இரண்டும் தொட்டுக்கொண்டால், அந்த இடத்தின் சூட்டைத்தான் திரை காட்டும். உள்ளே 200 பாகை இருக்கும், திரையில் 40 நிற்கும். ஆகவே கதவு வழியாக வயரை விடாமல் தனித் துளை போடுங்கள்.

அளவு சரியா என்று பார்ப்பதும் சுலபம். நாங்கள் கடல்மட்டத்தில் இருப்பதால் கொதிநீரில் 100 பாகை காட்ட வேண்டும். நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீரில் 0.

தீ மட்டுமல்ல, வயிறும்தான்

சூடு கூடினால் தீ. குறைந்தால் நஞ்சு. 5 முதல் 60 பாகை வரை கிருமிகள் பெருகும் எல்லை. சுடுபுகை மீனின் நடுப்பகுதி குறைந்தது 63 பாகையில் 30 நிமிடம் நிற்க வேண்டும். கோழி 74 பாகையைத் தொட வேண்டும். கொன்ட்ரோலர் காட்டுவது பெட்டியின் சூட்டை. இறைச்சியின் நடுவுக்கு வேறொரு குத்தும் வெப்பமானி கட்டாயம். நடுவில் கரண்ட் போய் நெடுநேரம் வராவிட்டால், அரைவேக்காட்டைத் திரும்பச் சூடாக்கி விற்காதீர்கள். சூரை, கும்பளா போன்றவற்றை வெயிலில் கிடக்கவிட்டால் ஹிஸ்டமின் உருவாகும். அதை எந்தப் புகையும் எந்தச் சூடும் அழிக்காது. தின்றவருக்கு முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். மீன் பிடிபட்டதிலிருந்தே ஐஸில் இருக்க வேண்டும். விற்பதென்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே பேசுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை

• கொன்ட்ரோலரோடு சம்பந்தமில்லாத தனி வெப்பவெட்டி ஒன்றை ஹீட்டரின் லைன் வயரிலேயே பூட்டுங்கள். பெட்டி 120 பாகையில் ஓடினால் 150 அளவில் வெட்டட்டும். கையால் அமத்தினால்தான் மீண்டும் வேலை செய்யும் வகையாக வாங்குங்கள்.

• ஹீட்டர் இழுக்கும் அம்பியரைப் போல இரண்டு மடங்காவது தாங்கும் ரிலேயை எடுங்கள்.

• பெட்டியின் உடம்பு முழுவதற்கும் எர்த் வயர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், எர்த் உள்ள 13 அம்பியர் பிளக். பலதும் செருகும் நீட்டுவயர் வேண்டவே வேண்டாம்.

• உப்புக்காற்று செப்பு முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். மாதம் ஒருமுறை திறந்து பார்த்து இறுக்குங்கள். வாடை மழைக்கு முன் கட்டாயம் பாருங்கள்.

• பழைய ஃபிரிட்ஜைப் புகைப்பெட்டியாக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக்கும் ஃபோமும்.

• வீட்டுக்குள் புகைக்க வேண்டாம். மரத்தூள் கனன்றால் காபன் மொனொக்சைட் வரும்.

• உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பிளக்கை அல்லது மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

வேலையைத் தகுதியுள்ள எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். முடித்துத் தந்ததும் அவர் முன்னாலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பெட்டி வெறுமையாக இருக்கட்டும். சென்சரை வெளியே தொங்கவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். ஒருவர் பிளக்கின் பக்கத்தில் நிற்கட்டும். பெட்டிக்குள் தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள். கொன்ட்ரோலர் ஏமாந்து எரித்துக்கொண்டே போகும். 150ஐத் தாண்டும்போது வெப்பவெட்டி "டக்" என்று வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் பிளக்கை இழுத்துவிடுங்கள். அது சரியாகும்வரை அந்தப் பெட்டிக்குள் ஒரு மீனையும் ஏற்றாதீர்கள்.