ஆடுகளம் திரும்பும் பிள்ளைகள்

செஞ்சியின் இராஜகிரிக் கோட்டை ஏறக்குறைய 800 அடி உயரமுடையது. அதன் படிகளை ஒரே மூச்சில் ஏறிவிடும் பிள்ளையை எந்த நோயும் அண்டாது என்று நம்பும் பெற்றோர் உளர். கொரோனா காலம் அந்நம்பிக்கையைத் திருத்திற்று.

2020 மார்ச் 17 அன்று தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்கள் மூடப்பட்டன; செஞ்சிக் கோட்டையும் அவற்றுள் ஒன்று. மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. விளையாட்டுத் திடல்கள் வெறிச்சோடின. அவ்வாண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டி ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. புரோ கபடிப் போட்டி 2021 டிசம்பரில்தான், பெங்களூரில், பார்வையாளர் இன்றி மீண்டும் நடந்தது. அத்தனை காவலுக்குப் பின்னரும் இரு அணிகளில் தொற்று பரவியதால் ஆட்ட அட்டவணை மாற்றப்பட்டது.

இதில் வியப்பில்லை. கபடியில் பாடிச் செல்பவர் ஓயாது குரல் எழுப்புகிறார். எதிரணியினர் எழுவரும் முகத்துக்கு முகம் நெருங்கிப் பிடிக்கின்றனர். மூச்சுக்காற்றில் பரவும் கிருமிக்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. ஓட்டப் பயிற்சியிலும், திறந்த வெளியில் தள்ளி நின்று ஆடும் இறகுப்பந்திலும் இந்த இடர் குறைவு. ஆகவே, தொற்றுக் காலத்தில் விளையாட்டை அறவே நிறுத்துவதைவிட, ஆட்டத்தைத் தேர்ந்து ஆடுவதே நலம். வீட்டுக்குள் முடங்குவதும் பிள்ளையின் உடலையும் மனத்தையும் வருத்தும்.

நோய் தீர்ந்த பின் வரும் நாள்களே மிகுந்த கவனத்துக்குரியவை. கொரோனா, ஃபுளூ போன்ற வைரஸ் நோய்கள் அரிதாக இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். அந்நிலையில் கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு தடம் புரண்டு உயிருக்கே ஊறு நேரலாம். எனவே காய்ச்சல் முற்றும் நீங்கும்வரை ஓய்வு வேண்டும். பின்னர் நடை, மெல்லோட்டம், தனிப் பயிற்சி, அணிப் பயிற்சி எனப் படிப்படியாக உயர்த்தி, போட்டியை இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனாக் காய்ச்சல் நான்கு நாள் அல்லது அதற்கு மேல் நீடித்திருந்தாலோ, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தாலோ, மருத்துவரின் பரிசோதனைக்குப் பின்னரே ஆடுகளம் செல்ல வேண்டும். இதய அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் பயிற்சியைத் தவிர்க்க நேரும்.

நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு, படபடப்பு, ஓடும்போது மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். வெயில் மயக்கம் என்று தண்ணீர் தெளித்து மீண்டும் களத்தில் இறக்கிவிடாதீர்கள். விழுந்த பிள்ளை அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால், 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவே விடாது அழுத்துங்கள்.

பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காய்ச்சலை மறைத்து ஆட வரும் மாணவனின் ஆர்வம் மெய்யானது. இடத்தை வேறொருவன் பெற்றுவிடுவான் என்னும் அச்சமே அவனை மறைக்கச் செய்கிறது. குணமாகித் திரும்பும்வரை அவன் இடம் காத்திருக்கும் என்று முன்னரே உறுதி கூறுங்கள், அவன் மறைக்கமாட்டான்.