கட்டைவிரல் எட்டும் தூரம்

இறம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு ஒரு கைதான் மிச்சம். மற்றக் கை மேலே கம்பியில் இருக்கும். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 பாதையில், புசல்லாவை தாண்டிய பிறகு கம்பியை விட்டால் யாரோ ஒருவருடைய மடியில்தான் போய் உட்கார வேண்டும். அந்த ஒற்றைக் கையில் இன்று எல்லாரிடமும் ஒரு போன். போன கிழமை என் முன்னால் நின்ற பிள்ளை கட்டைவிரலாலேயே தட்டி, தேடி, வாசித்துக்கொண்டு வந்தாள். அவளுடைய குரோமில் முகவரிப் பட்டி திரையின் அடியில் இருந்தது. பக்கத்தில் நின்ற மாமாவின் போனில் அது உச்சியில். அதை எட்டுவதற்கு அவர் போனை நெஞ்சில் முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்து, இரண்டு முறை தப்பான இடத்தில் தட்டினார்.

“மாமா, அந்தப் பட்டிய அழுத்திப் புடிங்க. கீழ வந்துரும்.”

“அது கம்பெனிக்காரன் வச்சது புள்ள. நம்ம சொன்னா வருமா?”

அழுத்திப் பிடித்தார். வந்தது.

மாமாவின் சந்தேகம் எனக்குப் புதிதில்லை. இந்த மலையில் பிரவுசர் வெகுகாலம் வேறு யாருடைய கையிலோதான் இருந்தது.

முதலில் அது காதுவழியாக வந்தது. கொத்மலையில் 1989-இல் சமுதாய வானொலி தொடங்கினார்கள். பத்து வருடம் கழித்து, யுனெஸ்கோவின் உதவியோடு அந்த நிலையத்துக்கு இணைய இணைப்பும் கிடைத்தது. கேட்பவர்கள் கேள்வியைத் தபாலில் எழுதிப் போடுவார்கள். போன் வசதி உள்ளவர்கள் போனில் கேட்பார்கள். அறிவிப்பாளர் கணினியில் தேடி, ஆங்கிலத்தில் இருப்பதை வாசித்து, ஊர்மொழியில் எடுத்துச் சொல்வார். நோய் பற்றிய கேள்வியென்றால் அதை விளக்க ஒரு வைத்தியரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். ‘வானொலி உலாவல்’ என்று வெளிநாட்டு அறிஞர்களெல்லாம் எழுதிப் பாராட்டிய ஏற்பாடு அது. பெரும்பாலும் சிங்களத்தில் நடந்ததால் லயத்துக் காம்பராக்களுக்கு அதில் பாதியாவது வந்து சேர்ந்ததா என்பது என் சந்தேகம்.

எங்களுக்கு இணையம் என்றால் டவுனில் இருந்த கொமினிகேஷன் கடை. சாதாரண தர முடிவு வந்த அன்று வரிசையில் நின்றேன். கடைப் பொடியன் சுட்டெண்ணைக் கேட்டான். திரையைத் தன் பக்கமாகவே திருப்பி வைத்துக்கொண்டு தட்டினான், தாளை அச்சடித்துக் கொடுத்தான். கணிதத்தில் ஏ. வீட்டில் பாயாசம் வைத்தார்கள். மறுநாள்தான் தாளில் இருப்பது வேறு யாருடைய பெயரோ என்று தெரிந்தது. ஓர் இலக்கம் மாறியிருந்தது. எனக்கு வந்தது எஸ். திரை என் பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் பாயாசம் மிச்சம்.

அந்தத் திரையில் தமிழ் தெரிவதே அப்போது பெரிய விஷயம். இலங்கையில் பாமினி எழுத்துருவை நம்பித்தான் நிறைய வேலை நடந்தது. அது இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குவியும், மெய்யெழுத்தின் புள்ளி நின்ற இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். யூனிகோடு வந்து அந்தச் சிக்கல் தீர்ந்தபோது, போன்களில் கட்டம் கட்டமாகத் தெரியும் புதுச் சிக்கல் வந்தது.

அதற்கு மருந்தாக வந்தது ஓப்பரா மினி. 2006-இல் உலகெங்கும் வெளியான இந்த பிரவுசர் சின்ன நோக்கியாவிலும் ஓடியது. பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பியதால் ரீலோட் காசும் தாங்கியது. அதன் முகவரிப் பட்டியில் ஓப்பரா, முக்காற்புள்ளி, கன்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு நீண்ட பட்டியல் திறக்கும். சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு வேண்டுமா என்று அதில் ஒரு வரி கேட்கும். ‘நோ’ என்றிருப்பதை ‘யெஸ்’ என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். அவ்வளவுதான், சர்வர் தமிழ் எழுத்தைப் படமாக்கி அனுப்பத் தொடங்கும். கட்டங்கள் மறைந்து தமிழ் வரும். இந்த வித்தை ஒருவர் காதிலிருந்து ஒருவர் காதுக்கு, கோயில் மந்திரம் மாதிரிப் போனது. பிரவுசரை நம் இஷ்டத்துக்கு வளைக்கலாம் என்று எங்களில் பலருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

இன்று வளைப்பதற்கு மந்திரம் வேண்டாம். வளைப்பவர்தான் குறைவு. கடையில் போன் வாங்கும்போது விற்பவர் எதைத் திறந்து காட்டினாரோ அதுவே கடைசிவரை. முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம்தான், விரல் எங்கும் எட்டியது, பட்டி உச்சியில் இருந்ததும் நியாயம். திரை வளர்ந்த பிறகும் பட்டி இறங்கவில்லை. கூகுள் அதைக் கீழே கொண்டுவர 2016 வாக்கில் சோதனை தொடங்கி, இரண்டு வருடத்தில் கைவிட்டது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் 2020-இலும், ஐபோனின் சஃபாரி 2021-இலும் பட்டியைக் கீழே இறக்கின. ஆண்ட்ராய்டு குரோமில் அந்த வசதி வந்தது 2025-இல். சாம்சங் பிரவுசரில் கீழ்ப்பட்டியில் எந்த பட்டன் இருக்கலாம், எது வேண்டாம் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம்.

எழுத்துப் பருமனும் அப்படித்தான். கண்ணாடி போட்டும் எட்டப்பிடித்து வாசிக்கிற அம்மாக்களுக்கு குரோமின் அமைப்புகளில் எழுத்தைப் பெருக்கிக் கொடுத்தால், பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிற தேவை பாதியாகக் குறைகிறது. மெனுவைத் தமிழுக்கு மாற்றிக் கொடுப்பதில் எனக்கு அவ்வளவு வெற்றி இல்லை. ‘டவுன்லோட்’ என்று சொல்லிப் பழகியவர்கள் ‘பதிவிறக்கு’ என்பதைக் கண்டதும் போனே பழுதாகிவிட்டதென்று திரும்பி வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

முகப்பில் என்ன வைப்பது என்பதுதான் முக்கியமான கேள்வி. புது டேபைத் திறந்தால் வருவது சினிமாச் செய்தியும் விளம்பரமும். அவற்றை அணைத்துவிடலாம். எங்கள் வீட்டு போனில் இப்போது மூன்று பக்கங்கள் திரைக்கே வந்திருக்கின்றன: பரீட்சைத் திணைக்களம், பிள்ளைகளின் பாடங்களுக்கு ஈ-தக்சலாவ, மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். பக்கத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் முகப்புத் திரையில் சேர் என்பதைத் தொட்டால் போதும்.

கடைசிப் பக்கம் 2025 நவம்பருக்குப் பிறகு சேர்த்தது. டித்வா புயலின் மழையில் இந்த மலைகள் சரிந்த அந்த நாட்களில் கரண்ட் போனது, சிக்னலும் போனது. அப்போது பட்டி மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன. அதனால் அடுத்த மழைக்கு முன் அந்த எச்சரிக்கைப் பக்கத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனில் கட்டைவிரல் எட்டும் இடத்தில் வைத்துக் கொடுங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற மூன்று நிறத்தின் அர்த்தத்தையும் சொல்லிக் கொடுங்கள். அலமாரியில் ஒரு பற்றரி ரேடியோவும் இருக்கட்டும்.