திருக்கோணமலை: துறையும் ஊரும்

பெரிய துறைமுகம் வாய்த்த இடத்தில் பெரிய நகரம் எழும் என்பது பொதுவான எண்ணம். இலங்கையில் அவ்வெண்ணம் பொய்த்துவிட்டது. 1875ஆம் ஆண்டு முதல் கடலில் கல் அணை கட்டி ஆக்கிக்கொண்ட செயற்கைத் துறைமுகத்தை உடைய கொழும்பு, மாநகராயிற்று. இயற்கையே ஆக்கித் தந்த துறையை உடைய திருக்கோணமலையோ சிறிய நகராகவே நின்றுவிட்டது. இதன் காரணத்தை அறிந்தால் அவ்வூரின் வரலாறும் இயல்பும் ஒருங்கே விளங்கும்.

முதலில் துறையின் அமைப்பைப் பார்ப்போம். மகாவலி கங்கை கொட்டியார்க் குடாவில் கடலோடு கலக்கிறது. அக்குடாவின் அடியில், கரைக்கு மிக அருகிலிருந்தே ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கிக் கடலுக்குள் நீண்டு செல்கிறது. ஆதலால் பெருங்கப்பல்களும் தரை தட்டாமல் உள்ளே வரலாம். சுற்றிலும் குன்றுகள் இருப்பதால் புயலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. சோழமண்டலக் கரையிலோ வாடைக்காற்று வீசும் மாதங்களில் மரக்கலங்களுக்குப் புகலிடம் இல்லை. சென்னையில் கோட்டை வைத்திருந்தவர்களும் அக்காலத்தில் கப்பல்களைப் பம்பாய் வரை அனுப்ப நேர்ந்தது. வங்கக் கடலை ஆள விரும்பிய ஒவ்வொருவரும் திருக்கோணமலையை நாடிய காரணம் இதுவே.

அவ்விருப்பத்தின் விலையை ஊர் கொடுத்தது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். இணைக்கயல் பொறித்த பழைய கல் ஒன்று, சிதைந்த தமிழ்க் கல்வெட்டோடு கோட்டை வாயிலில் இன்றும் நிற்கிறது. 1639ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டி அரசனின் துணையுடன் கோட்டையைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்த ஊரை, அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் கவர்ந்துகொண்டார். மீண்டும் ஒல்லாந்தர் கைக்குச் சென்று, 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயரிடம் வந்தது. 1803ஆம் ஆண்டில் கோட்டை பிரெட்ரிக் இளவரசரின் பெயரைப் பெற்றது.

வந்தவர் அனைவரும் துறையைக் காத்தனர்; ஊரை வளர்க்க எண்ணினாரில்லை. மலைநாட்டுத் தேயிலையும் கோப்பியும் இருப்புப்பாதை வழியே கொழும்புக்குச் சென்றன. திருக்கோணமலைக்கு இருப்புப்பாதை வந்தது 1927ஆம் ஆண்டிலேதான். இதற்கிடையே கடற்படைக்காக ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகள் இங்கு எழுப்பப்பட்டன. வணிகத் துறையாக அன்றிப் போர்த் துறையாக இருந்தமையால் போரும் தேடி வந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறையைத் தாக்கின. இங்கிருந்து முன்னரே புறப்பட்டிருந்த ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. கடற்படைத் தளம் 1957ஆம் ஆண்டில் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஊரின் மற்றொரு வரலாறு சுவாமிமலையில் நிகழ்ந்தது. கோயில் இல்லாத காலத்திலும் அடியார்கள் செங்குத்தான பாறையின் விளிம்பில் நின்று, கீழே அலை மோதும் கடலை நோக்கி மலரும் தேங்காயும் இட்டு வழிபட்டனர். 1950ஆம் ஆண்டில் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956ஆம் ஆண்டில், நீர்மூழ்கி ஆய்வு செய்த மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் பாறையடியில் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். 1963ஆம் ஆண்டில் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. கோட்டை வாயிலினூடாகவே இன்றும் கோயிலுக்குச் செல்ல வேண்டும். வழியில் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இம்மாவட்டம், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரையும் கண்டது. எண்ணெய்த் தாங்கிகளைப் பயன்படுத்துவது பற்றி இலங்கையும் இந்தியாவும் 2022ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்தன. துறையின் மதிப்பு குன்றவில்லை என்பதற்கு இதுவே சான்று. ஆயினும், அத்துறையின் பயன் அதன் கரையில் வலை உலர்த்தும் மக்களுக்குக் கிட்டும்போதுதான் இயற்கை அளித்த கொடை நிறைவுறும். படைகள் வந்து போயின. கப்பல்களும் வந்து போயின. மலைமுனையில் விளக்கேற்றிய கைகளோ இவ்வூரை விட்டு நீங்கவில்லை.