ஏறுறதுக்கு முன்னாடி குதிரையோட தலையைப் பாருங்க

ராஜகீழ்ப்பாக்கத்துல இருக்கிற நமக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சுல நம்மளை ஏத்திக்கிட்டு நடக்குதே, அந்தக் குதிரைதான் நமக்குத் தெரிஞ்ச குதிரை. அது நொண்டுதான்னு நாமளே கண்டுபிடிக்கலாம்.

காலைப் பார்க்காதீங்க, தலையைப் பாருங்க. முன்னங்கால்ல வலி இருந்தா, அந்தக் கால் தரையில படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலை கீழ இறங்கும். மெதுவா நடக்கும்போது சரியா தெரியாது. துள்ளு நடையில வரும்போது பளிச்சுனு தெரியும். உடம்பு எடையில சுமார் 60 சதவீதம் முன்னங்கால்கள்லதான் விழுது. அதனால நொண்டலும் அதிகம் அங்கதான், முக்கியமா குளம்புல.

குளம்பு நம்ம நகம் மாதிரி. மாசத்துக்கு 6ல இருந்து 10 மில்லிமீட்டர் வளரும். 6, 8 வாரத்துக்கு ஒரு தடவை சீவணும். லாடம் தேயலைன்னாலும் கழட்டி, சீவி, திரும்ப அடிக்கணும்.

நம்ம ஊர்ல வில்லன் மழை. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம தெருவுலயே தண்ணி நிக்குது, லாயம் மட்டும் காய்ஞ்சா இருக்கும்? சாணமும் மூத்திரமும் ஊறின தரையில நின்னா, குளம்புக்கு அடியில முக்கோணமா, ரப்பர் மாதிரி இருக்கிற பகுதி அழுக ஆரம்பிக்கும். கறுப்பா கசியும். அந்த நாத்தத்தை ஒரு தடவை மோந்தா மறக்காது! தினமும் காலைத் தூக்கி, கொக்கியால சுரண்டி, காய்ஞ்ச இடத்துல நிக்க வெச்சா பெரும்பாலும் இது வராது.

நேத்து நல்லா இருந்த குதிரை இன்னைக்குக் காலை ஊனவே மாட்டேங்குதுன்னா, உள்ள சீழ் கட்டியிருக்கலாம். ரெண்டு முன்னங்குளம்பும் சூடா இருந்து, பின்னாடி சாய்ஞ்சு நின்னா அது அவசரம். தானியத்தை அளவு மீறித் தின்னாலும் இது வரும். குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சிருக்கிற திசு விட்டுப்போயிடும். உடனே டாக்டர் பார்க்கணும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில பெரிய விலங்குகளுக்கும் வைத்தியம் உண்டு.

எதுக்குமே ஓய்வு வேணும். சிக்கலே அங்கதான். குதிரை ஒரு வாரம் நின்னா, வெச்சிருக்கிறவருக்கு ஒரு வாரம் வருமானம் இல்லை. நொண்டுற விலங்கை வேலை வாங்குறது 1960ஆம் வருஷ விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். ஆனாலும் அவரைத் திட்டுறதால குளம்பு ஆறாது. ஏறாதீங்க, எந்தக் கால்னு காட்டிச் சொல்லுங்க. முடிஞ்சா சவாரிக் காசையும் கொடுத்துடுங்க.